சுமாத்திராவில் ஒரு கோலம்

திரையில் அந்தக் கடிதம் முதலில் தலைகீழாக விழுந்தது. மாஸ்டர் புரொஜெக்டரில் ஒளித்தாளைத் திருப்பிப் போட்டார். இப்போது எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறித் தெரிந்தன. மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது. அதற்குள் மண்டபத்தில் பாதிப் பேர் ரோல்ஸும் வடையும் இருந்த மேசைப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

லண்டனில், டூட்டிங்கில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். எண்பதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கிற லோண்டரியில் எனக்கு வேலை. கையில் எந்நேரமும் அந்த மருந்துச் சோப்பு மணம். கதவோடு ஒட்டிய கடைசிக் கதிரையில் இருந்தேன். எந்தக் கூட்டத்திலும் நான் அந்தக் கதிரைதான். எழும்பிப் போக லேசு, ஒருவரும் கேள்வி கேட்கவும் மாட்டார்கள்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவர். ஓய்வு பெற்று, மனைவியோடு மோர்டனில் மகன் வீட்டில் இருந்தார். மலேசியாவில் இருந்த மருமகனைப் பார்க்கப் போனவர், அங்கிருந்து படகேறிச் சுமாத்திரா தீவுக்குப் போய் நாலே நாலு நாள் நின்றுவிட்டு வந்தார். அந்த நாலு நாளில் சிம்பாங் மங்கிஸ் என்ற மலையடிவாரக் கிராமத்தைக் கண்டார். அங்கே ஒரு குலத்தாருக்குச் 'சோளியா' என்று பெயர். மாஸ்டருக்கு அது போதுமாயிருந்தது.

"சோழியர்! எங்கட ஆக்கள்! கப்பலேறிப் போன சோழன்ர படையின்ர பிள்ளையள்!" என்று மேசையில் தட்டினார். மண்டபம் கைதட்டியது.

திட்டம் இதுதான். அந்த ஊரில் பன்னிரண்டு அறையோடு ஒரு விருந்தினர் விடுதி. எரிமலை பார்க்கவும் வெந்நீர் ஊற்றில் குளிக்கவும் லண்டனில் இருந்து வெள்ளைக்காரர் வருவார்கள். விடுதிக்குப் பின்னால் மரக்கறித் தோட்டம். பத்துக் குடும்பம் பங்காளிகளாகச் சேர வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் ஏமாற்றுக்காரர் அல்ல. ஒரு சதம்கூடத் தன் பைக்குள் போட நினைத்தவர் அல்ல. அப்படி நினைத்திருந்தால் அவர்மேல் கோபப்படுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்பு, காற்று, கோலம்

மாஸ்டர் எடுத்த படங்களைக் காட்டினார்கள். பனிமூட்டம், முட்டைக்கோவா வயல், தகரக் கூரைகள், எருமைமேல் ஒரு பிள்ளை. இடையில் ஒரு பெரிய நீர்நிலை வந்தது. கரை முட்டத் தண்ணீர், நாலைந்து பேர் குளிக்கிறார்கள். "இது ஏதோ குட்டை" என்று மாஸ்டர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் கடிதம். மாஸ்டர் ஊர்த்தலைவருக்கு ஆங்கிலத்தில் எழுதியதற்குச் சில மாதம் கழித்து வந்த பதில். முதல் இரண்டு வரி ஆங்கிலம், வரவேற்பு. மற்றதெல்லாம் அவர்களுடைய மொழி. அவர்களும் ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள். தொல்லை அங்கேதான் தொடங்கியது. எழுத்துத் தெரிந்தால் மொழியும் தெரியும் என்று எங்கள் ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள்.

"இஞ்ச பாருங்கோ" என்று மாஸ்டர் தடியால் தொட்டார். "கே, ஓ, எல், ஏ, எம். என்ன சொல்லு?"

"கோலம்!" என்றார் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா.

"கோலம்! ஆயிரம் வருசத்துக்குப் பிறகும் வாசலில கோலம் போடுற சனம். பிறகு 'கெரிங்' எண்டு கிடக்கு. அது எழுத்துப் பிழை. கேரிங். வாற ஆக்களை அன்பாப் பாப்பினமாம். அங்கால ஏ, ஐ, ஆர். ஏர். நல்ல காத்து."

"பக்கத்தில 'திடாக் ஆடா' எண்டிருக்கே மாஸ்டர், அதென்ன?"

"அது மரியாதைச் சொல்லாக்கும். எங்கட வணக்கம் மாதிரி."

வெள்ளைக்காரப் பெண்களுக்குக் கோலப் போட்டி வைக்கலாம் என்று அந்த அம்மா சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் காதெல்லாம் சூடேறியது. அந்த வரியில் எழுதியிருந்தது வேறு. 'குளம் வற்றிவிட்டது. தண்ணீர் இல்லை.' அவ்வளவுதான். அதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எழுத முடியாது.

கையைத் தூக்கினேன். தூக்கினேன் என்றால் காது மட்டத்துக்கு.

மாஸ்டர் என்னைக் கண்டார். "தம்பி, தேத்தண்ணி அந்தப் பக்கம் கிடக்கு. போய் எடும்" என்றார்.

போய் எடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கு எரிச்சலாக வருகிறது.

ஏழு மாதம் ஒரே சொல்

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவனுக்கு அந்த மொழி எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள்.

லண்டன் வருவதற்கு முன் கப்பலில் சமையற்கட்டு வேலை செய்ததை இந்தப் பத்தியில் முந்திய கிழமைகளில் எழுதியிருக்கிறேன். அந்தக் கப்பலின் முதலாளி கடனில் மூழ்க, சுமாத்திராவில் ஒரு துறைமுகத்தில் எங்களைக் கட்டிப்போட்டு விட்டார்கள். ஏழு மாதம். சம்பளம் இல்லை. குடிதண்ணீர் தள்ளுவண்டியில் டிரம் டிரம்மாக வரும். காலையில் மேல்தளத்தில் நின்று தண்ணீர்க்காரனைக் கூப்பிடுவது என் வேலை. 'ஆயிர்! ஆயிர்!' என்று தொண்டை கிழியக் கத்துவேன். அந்த மொழியில் எனக்குப் பிடிபட்ட முதல் சொல் அது. தண்ணீர். எழுதும்போது ஏ, ஐ, ஆர். அவன் இல்லாத நாளில் கையை விரித்து 'திடாக் ஆடா' என்பான். இல்லை.

கப்பலுக்கு முட்டைக்கோவா விற்க வந்த ஒருவர் என் நிலைமையைப் பார்த்து மலையில் இருந்த தன் ஊருக்குக் கூட்டிப்போனார். மிச்ச மாதங்கள் அங்கேதான் இருந்தேன். அது சிம்பாங் மங்கிஸ் அல்ல, வேறு ஊர். ஆனால் அதே மலை, அதே வெயில். முதல் நாள் அவருடைய மனைவி, போய்க் 'கோலம்' பார்த்துக் குளித்துவிட்டு வா என்று சைகை காட்டினார். நான் படிவாசலில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாக்கோலம் ஒன்றையும் காணவில்லை. அந்த மனுசி என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் குளத்தைக் காட்டினார்.

குளம்தான் அங்கே கோலம். எங்கள் சொல்தான் கப்பலேறிப் போய் வாய் கொஞ்சம் கோணியிருக்கிறது. சோழனைத் தேடிய மாஸ்டருக்கு அது கண்ணெதிரே கிடந்தது. அவர் தடியால் தொட்டுவிட்டுத் தாண்டிப் போனார்.

மழை நின்று மூன்று மாதத்தில் அந்த ஊர்க் குளம் களிமண் தட்டாகிவிடும். பெண்கள் பிளாஸ்டிக் கலன்களோடு கீழே இருந்த ஓடைக்குப் போய் வருவார்கள். அந்த வீட்டில் கொண்டுவரும் முதல் வாளி எனக்குத்தான், நான் விருந்தாளியாம். வேண்டாம் என்றால் கோபிப்பார்கள். நான் குளித்தபிறகு அந்த வீட்டுக்காரர் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வயலுக்குப் போவார்.

பன்னிரண்டு அறை. இருபத்துநாலு விருந்தாளி. இருபத்துநாலு முதல் வாளி. மண்டபத்தில் நான் தேத்தண்ணியோடு நின்றபோது கணக்கு அப்படித்தான் ஓடியது.

அத்தானின் முடிவு

அப்பர் டூட்டிங் ரோட்டில் அத்தானுக்கு ஒரு பலசரக்குக் கடை. மேல்மாடியில் அக்காவும் அத்தானும் இரண்டு பிள்ளைகளும், பின்னறையில் நான். அக்கா எட்டு வருடம் அந்தக் கடையின் கல்லாவில் நின்றவள். குளிர்காலத்தில் இரண்டு காலுறை, மேலே சேலை, அதற்கு மேலே அத்தானின் கோட்டு.

மூன்று பேரும் கூட்டம் முடிந்து வந்த அன்றே அத்தான் சொல்லிவிட்டார். கடையைக் கேட்டு ஒரு ஆள் நிற்கிறான். வருகிற சனிக்கிழமை மாஸ்டர் வீட்டில் கையெழுத்து. திங்கட்கிழமை கடையைக் கொடுத்துவிட்டு அந்தக் காசை விடுதியில் போடுவது.

"அப்ப நாங்கள் எங்க இருக்கிறது?" என்றாள் அக்கா.

"ஒரு வருசம் வாடகைக்கு இருப்பம். பிறகு அங்க. மனேச்சர் நான்தான். உனக்கு இந்தக் குளிரும் இல்லை."

எனக்கு எங்கிருந்தோ கொஞ்சம் தைரியம் வந்தது. "அத்தான், அங்க தண்ணி இல்லையாம்" என்றேன்.

"ஆர் சொன்னது?"

"அந்தக் கடிதத்திலயே கிடக்கு."

"மாஸ்டர் வாசிச்சவர்தானே. மாஸ்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ? பேசாமப் படுடா பரமு."

அவர் கீழே போனபிறகு அக்கா என்னைப் பார்த்தாள். "உண்மையாத்தான் சொல்லுறியோ?"

"ஓம் அக்கா."

"அப்ப அதை மண்டபத்தில சொல்லியிருக்கலாமெல்லோ! இவ்வளவு சனத்துக்கு முன்னால தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறாய். நீ வாய் திறக்காட்டி ஆர் திறக்கிறது? அந்தக் கிராமத்தில இருந்து ஆள் வருமோ?"

லகரமும் ளகரமும்

மாஸ்டரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஏலாது. அதனால் புதன்கிழமை மதிய இடைவேளையில் லோண்டரி நடைபாதையில் இருந்த காசு போடும் டெலிபோனில் எடுத்தேன். இரண்டு காசு கீழே விழுந்து உருண்டது.

"மாஸ்டர், அது கோலம் இல்லை, குளம்."

"என்ன? வடிவாச் சொல்லும்."

"குளம். தண்ணிக் குளம்."

"தம்பி, உமக்கு லகர ளகர வேறுபாடு தெரியுமோ? கோலத்துக்கு வாற லகரம் வேற, குளத்துக்கு வாற ளகரம் வேற. நாக்கு எங்க முட்டுது எண்டு பாரும். சொல்லும் பாப்பம். கோலம்."

"கோலம்."

"குளம்."

"குளம்."

"ஆ. இப்ப விளங்குதோ?"

பக்கத்தில் துணிமூட்டை தள்ளிக்கொண்டிருந்த ஜமேக்கா மனுசி என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். நாற்பது வயது ஆள், டெலிபோனைப் பிடித்துக்கொண்டு கோலம் குளம், கோலம் குளம் என்று நிற்கிறேன்.

"மாஸ்டர், இங்கிலீஷ் எழுத்தில எழுதினா ரெண்டுக்கும் ஒரே 'எல்'தானே?"

மறுபக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு நம்பிக்கை வந்தது.

"தம்பி, நீர் எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீர்?"

"அஞ்சு."

"பாத்தீரோ" என்றார் அன்பாகவே. டெலிபோன் பீப் பீப் என்றது. காசு முடிந்துவிட்டது.

அலுமாரியில் ஒரு போத்தல்

சனிக்கிழமை நானும் போனேன். அக்கா என்னைக் கையில் பிடித்து கடைச் சாமான் ஏற்றும் வானில் ஏற்றினாள் என்பதுதான் சரி.

மோர்டனில் மாஸ்டர் வீட்டு முன்னறையில் எட்டுக் குடும்பம். ஒரு மேசை, படிவங்கள், வடைத்தட்டு. எனக்குக் கதவுப் பக்கக் கதிரைகூடக் கிடைக்கவில்லை. கண்ணாடி அலுமாரியோடு ஒட்டி நின்றேன். மாஸ்டர் சுமாத்திராவில் இருந்து கொண்டுவந்த சாமான்கள் அதற்குள் இருந்தன. மரத்தில் செய்த எருமை, பிரம்புப் பெட்டி, ஒரு துண்டுப் பட்டு. ஓரத்தில் திறக்காத ஒரு பிளாஸ்டிக் போத்தல். அவர் தங்கிய ஹோட்டல் அறையில் வைத்திருந்ததாம். வடிவாக இருக்கிறது என்று எடுத்து வந்திருக்கிறார்.

முதல் இரண்டு பேர் கையெழுத்து வைத்தார்கள். மூன்றாவது அத்தான். கோட்டுப் பையில் பேனையைத் தேடினார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு அலுமாரியைப் பார்த்தேன். போத்தலின் லேபிளில் நீல எழுத்து. ஏ, ஐ, ஆர். பக்கத்தில் மினும், குடிக்க என்று அர்த்தம்.

நான் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அலுமாரிக் கதவைத் திறந்ததும், உள்ளே எருமை விழுந்ததும்தான் ஞாபகம். எல்லாரும் திரும்பினார்கள்.

"என்ன தம்பி?" என்றார் மாஸ்டர்.

போத்தலை நீட்டினேன். "மாஸ்டர், இதென்ன எழுதியிருக்கு?"

"ஏர். ஏர் மினும்."

"அப்ப இது காத்துப் போத்தலோ?"

ஒருவர் 'களுக்' என்று சிரித்தார். மாஸ்டர் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே தண்ணீர் ஆடியது.

"லேபிள் மாறி ஒட்டியிருப்பாங்கள்" என்றார்.

"ஏனப்பா, காத்தை அடைச்சு விக்கிற போத்தலும் இருக்கோ, லேபிள் மாற?" இது அடுக்களை வாசலில் நின்ற அவருடைய மனைவி. அவரும் ஊரில் படிப்பித்தவர், எல்லாரும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். வந்து போத்தலை வாங்கி, மூடியைத் திருகி, ஒரு கிளாசில் ஊற்றி மேசையில் வைத்தார். "தண்ணி. அந்தத் தம்பி என்ன சொல்ல வருது எண்டு ஒருக்காக் கேளுங்கோவன்."

எட்டுக் குடும்பமும் என்னைப் பார்த்தது. என் வாழ்க்கையில் அத்தனை கண் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது அதுதான் முதல். வாய் காய்ந்துவிட்டது. அந்தக் கிளாசை எடுத்து ஒரு மிடறு குடித்தேன். பிறகு கடிதத்தைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துச் சொன்னேன்.

"கோலம், குளம். சுடா, ஏற்கெனவே. கெரிங், வறண்டு போச்சு. ஆயிர், தண்ணி. திடாக் ஆடா, இல்லை."

அதற்குக் கீழே இருந்ததையும் வாசித்தேன். அங்கே இரண்டொரு சொல் எனக்கும் தெரியாது. விளங்கியது இவ்வளவு. கிணறும் போதாது. காணி குலத்துக்குச் சொந்தம், ஒரு ஆள் விற்க முடியாது. ஆனாலும் நீங்கள் வந்தால் எங்கள் வீடுகளில் தங்கலாம், இருப்பதைப் பகிர்வோம்.

முதல் கையெழுத்து வைத்தவர் தன் படிவத்தை மெதுவாக மேசையில் இருந்து இழுத்துக்கொண்டார்.

"அப்ப கோலப் போட்டி?" என்றார் மண்டபத்தில் முன்வரிசையில் இருந்த அதே அம்மா.

அத்தான் பேனையைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு என்மேல் பாய்ந்தார். "டேய் பரமு, இதை மண்டபத்திலயே சொல்லித் துலைச்சிருந்தா ஆகாதோ? திங்கட்கிழமை கடையைக் குடுக்கிறன் எண்டு அவனுக்குச் சொல்லிப்போட்டனே!"

சொன்னேனே அத்தான், உங்களுக்குச் சொன்னேனே. அதை நான் சொல்லவில்லை. அக்கா சொன்னாள். வான் டூட்டிங் வந்து சேரும்வரை சொன்னாள்.

பதில்

கடை தப்பியது. கேட்டவன் வேறு தெருவில் ஒன்று பார்த்துக்கொண்டான். அத்தான் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அடுத்த கிழமை கடைக்கு வந்த ஒருவரிடம், "கோலம் எண்டா அங்க குளம் பாருங்கோ, எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அரிசி மூட்டையோடு பக்கத்தில் நின்றேன். அக்கா கல்லாவில் நின்று கூரையைப் பார்த்தாள்.

எனக்கு அதைவிடப் பெரிய எரிச்சல் வேறு. அந்த ஊர்த்தலைவர் ஒழுங்காக, ஒளிக்காமல், தன் ஊரில் தண்ணீர் இல்லை என்று எழுதியிருக்கிறார். ஆட்கள் வரலாம் என்று அங்கே காத்துக்கொண்டும் இருப்பார்கள். அதற்கு ஒரு பதில் போட வேண்டுமே என்று அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ரீச்சரிடம் விலாசம் வாங்கி நானே எழுதினேன். நாலு ஞாயிறு பிடித்தது. கதைத்துப் பழகிய மொழி, எழுதிப் பழகியதில்லை. நாங்கள் இப்போது வரவில்லை, குற்றம் உங்களுடையது அல்ல, உங்கள் கடிதத்தை நாங்கள் பிழையாக வாசித்துவிட்டோம், உங்கள் குளம் திரும்ப நிரம்ப வேண்டும். இவ்வளவுதான்.

எப்படியோ அது மாஸ்டர் காதுக்குப் போய்விட்டது. கடைக்கு டெலிபோன் எடுத்தார். "தம்பி, கடிதம் எழுதினீராம். அனுப்ப முதல் ஒருக்காக் கொண்டுவாரும். எழுத்துப் பிழை இருக்கோ எண்டு பாப்பம்."

மறுக்கத் தெரிந்திருந்தால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன். கொண்டுபோனேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிவப்புப் பேனையை எடுத்து, ஒரு சொல்லும் விளங்காத அந்தக் கடிதத்தைக் கால் மணித்தியாலம் திருத்தினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். 'ஆயிர்' என்ற சொல் வந்த இடத்தில் மட்டும் பேனை கொஞ்சம் நின்றது. அதன் கீழே கோடு ஒன்றும் போடாமல் கடந்து போனார். கடைசியில் இரண்டு இடத்தில் முற்றுப்புள்ளி வைத்து என்னிடம் தந்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். இரண்டும் சரியான இடத்தில்தான் இருந்தன. நான்தான் விட்டிருந்தேன். சிவப்பு மை பட்ட கடிதத்தை அனுப்ப முடியாதே என்று முழுவதையும் மறுபடி எழுதினேன், அவர் வைத்த புள்ளிகளோடு.